லிபரல் கொள்கை ஜெயிக்கிறது, லிபரல் வேட்பாளர் தோற்கிறார்

கேள்வி (ஒரு வாசகர், 2025 நவம்பர் 8)

நியூயார்க் நகர மேயர் தேர்தலில் மம்தானி, வர்ஜீனியா கவர்னர் தேர்தலில் ஸ்பான்பெர்கர், நியூ ஜெர்சி கவர்னர் தேர்தலில் ஷெரில். மூவரும் ஜனநாயகக் கட்சி. ஒரே நாளில் மூன்று வெற்றி. மக்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இனி அமெரிக்க லிபரல்கள் இதே பாதையில் இன்னும் சத்தமாகப் பேசினால் போதும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

நவம்பர் 8, இரவு

மறுக்கிறேன். முதலில், அது ஒரே பாதை இல்லை. மம்தானி தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர். ஸ்பான்பெர்கர் சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர். ஷெரில் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். மூவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து வரி, போலீஸ், இஸ்ரேல் என்று எதை எடுத்தாலும் அரைமணி நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவார்கள்.

மூவரும் விடாமல் பேசியது மாதச் செலவைப் பற்றி. மம்தானிக்கு வாடகையும் பஸ் கட்டணமும். ஷெரிலுக்கு மின்கட்டணம், அதற்காக அவசரநிலையே அறிவிப்பேன் என்றார். ஸ்பான்பெர்கரும் வீடு, மருந்து, மின்சாரம் என்றுதான் சுற்றி வந்தார்.

அப்புறம் இன்னொன்று. மூன்று இடங்களுமே 2024 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு வாக்களித்தவை. சொந்த மைதானத்தில் அடித்த ரன்னை வைத்து வெளியூர் ஆட்டத்தை முடிவுசெய்ய முடியாது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது: நியூ ஜெர்சியின் பசாயிக் கவுன்ட்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. லத்தீனோ மக்கள் நிறைய வாழும் இடம், 2024 இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது, இந்த முறை ஷெரில் நல்ல வித்தியாசத்தில் எடுத்தார். பேச வேண்டியது பசாயிக்கைப் பற்றித்தான், நியூயார்க்கைப் பற்றி அல்ல.

நவம்பர் 9

நேற்று எழுதியதில் நியூயார்க்கை ஒரேயடியாகத் தள்ளிவிட்டேன் போலத் தெரிகிறது. அங்கே நான் கவனித்த ஒன்று உண்டு. 2024 தேர்தல் முடிந்த சூட்டில், யாருக்கும் அதிகம் தெரியாத மம்தானி பிராங்ஸின் ஃபோர்டாம் சாலையிலும் குவீன்ஸின் ஹில்சைட் அவென்யூவிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களையும் ஓட்டே போடாதவர்களையும் ஏன் என்று கேட்டார். பெரும்பாலும் அவர்கள்தான் பேசினார்கள். விலைவாசி என்றார்கள், காஸா என்றார்கள். அவர் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. பிற்பாடு வந்த வாடகை, பஸ் வாக்குறுதிகளையும் அந்த வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேள்வித்தாள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

சரி, என் வாதத்துக்கு வருகிறேன். லிபரல்களுக்கு வாக்காளர்கள் இல்லை என்ற பேச்சே எனக்கு ஒப்பவில்லை. 2024 நவம்பரில் மிசூரி மாநிலத்தில் டிரம்ப் 58 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். அதே நாள், அதே வாக்குச்சீட்டு, குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, சம்பளத்தோடு நோய் விடுப்பையும் கட்டாயமாக்கும் தீர்மானம், அதாவது மக்களே நேரடியாக ஆம், இல்லை என்று ஓட்டுப் போட்டு முடிவுசெய்வது: ஏறக்குறைய 58 சதவீதம் ஆதரவு. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தமும் 52 சதவீதத்தை ஒட்டி நிறைவேறியது. 2020 இல் ஃப்ளோரிடாவை டிரம்ப் ஜெயித்த அன்றே அங்கே 15 டாலர் ஊதியத்துக்குக் கிட்டத்தட்ட 61 சதவீதம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், தண்டனை முடித்து வந்தவர்களுக்கு வாக்குரிமை தர 64 சதவீதத்துக்கு மேல் ஆதரவு, அதே நாளில் கவர்னராக ஜெயித்தவர் குடியரசுக் கட்சியின் டிசாண்டிஸ். கன்சாஸ் 1964க்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரையும் ஏற்காத மாநிலம். அங்கே 2022 ஆகஸ்டில், கருக்கலைப்பு உரிமையைப் பறிக்க வந்த திருத்தத்தை 59க்கு 41 என்று தோற்கடித்தார்கள்.

ஒரே கை, ஒரே பேனா, ஒரே தாள். சரக்கை வாங்குகிறார்கள், கடைக்காரரைப் பிடிக்கவில்லை.

நவம்பர் 9, பின்னிரவு

"அப்படியானால் வேட்பாளரை நிறுத்தாமல் தீர்மானங்களையே நிறுத்தலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல யோசனைதான், தீர்மானத்துக்கு மாமனார் கிடையாது, பழைய ட்வீட்டும் கிடையாது. ஆனால் மிசூரியில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். மக்கள் ஓட்டுப் போட்டு வாங்கிய நோய் விடுப்பை அதே மாநிலத்தின் சட்டமன்றம் 2025 இல் ரத்து செய்துவிட்டது. ஆகஸ்ட் 28க்குப் பிறகு அது இல்லை. சட்டமன்றத்தில் ஆள் இல்லாமல் தீர்மானத்தை மட்டும் ஜெயித்தால் இதுதான் நடக்கும்.

நவம்பர் 11

எதிர்த்தரப்பு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். மேலே அடுக்கியவை எல்லாம் லிபரல்களுக்குச் சாதகமான தலைப்புகள். கன்சாஸ் தவிர மற்றவை, வாக்குச்சீட்டில் எதை வைப்பது என்று அவர்கள் பக்கமே தேர்ந்தெடுத்தவை. பாதகமானவையும் உண்டு. 2024 இல் கலிஃபோர்னியாவிலேயே, திருட்டு, போதைப்பொருள் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் தீர்மானம் 68 சதவீதத்தோடு ஜெயித்தது. சிறைக் கைதிகளைக் கட்டாய வேலை வாங்கக்கூடாது என்ற தீர்மானம் தோற்றது. மினியாபொலிஸில், ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்ட அதே நகரத்தில், காவல்துறையைக் கலைத்து வேறு துறை அமைக்கும் யோசனையை 2021 இல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

ஆகவே "மக்கள் மனதுக்குள் லிபரல்கள்தான், அவர்களுக்கே தெரியவில்லை" என்ற ஆறுதல் வேண்டாம். ஊதியத்திலும் மருத்துவத்திலும் சொந்த உடம்பின் மீதான உரிமையிலும் லிபரல் பக்கம், தெருப் பாதுகாப்பில் இன்னொரு பக்கம் என்று இருப்பதில் முரண் எதுவும் இல்லை. பெரும்பாலான மனிதர்கள் அப்படித்தான். முரண் இருப்பதாக நினைப்பது கட்சி ஆட்களும் நம்மைப் போல இணையத்தில் இரவு ஒரு மணிக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களும்தான்.

நவம்பர் 12

சொந்த அனுபவம் கேட்டவருக்கு.

பென்சில்வேனியாவில் ஒரு வேட்பாளருக்காக வார இறுதிகளில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். யார் என்பது வேண்டாம். கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி, ஜனநாயகத்துக்கு வந்திருக்கும் ஆபத்து பற்றி ஒரு பத்தி, கடைசியில் "எங்கள் வேட்பாளரை நம்பலாமா?" என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். நான் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். வாசலில் நிற்பவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

ஒரு முதியவர் மட்டும் சாத்தவில்லை. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் ஆவதில்லை, டிரம்ப் செய்து கொடுத்தது என்றார். எனக்குச் சுரீரென்றது. "ஐயா, அது பைடன் கையெழுத்திட்ட 2022 சட்டம்" என்று ஆரம்பித்து, அது 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது வரை சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதற்கு முன்னாலேயே எனக்கு 35 தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். 2021 இல் டிரம்ப் நிர்வாகம் தொடங்கிவைத்த ஒரு விருப்பத் திட்டத்தில், சேர்ந்துகொண்ட சில மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) திட்டங்களில் 35 டாலர் உச்சவரம்பு இருந்திருக்கிறது. எல்லா மெடிகேர் பயனாளிகளுக்கும் அதை விரித்தது பைடன் சட்டம். இரண்டு பேருமே சரி. ஆனால் அந்த வாசலில் நான் செய்தது ஓட்டுக் கேட்பதல்ல, விடைத்தாள் திருத்துவது.

அவருடைய ஓட்டு எங்கே போனது என்று தெரியாது. போகும்போது "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டார், வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு என் தாளில் அவருக்கு மூன்று போட்டேன், எந்தக் காரணமும் இல்லாமல்.

நவம்பர் 12, சற்று நேரம் கழித்து

பேர் போடுவது பற்றி ஒரு துணுக்கு. கொரோனா காலத்தில், 2020 இல், வீட்டுக்கு வந்த நிவாரணக் காசோலையில் டிரம்பின் பெயர் அச்சாகி வந்தது. 2021 இல் பைடன் ஆட்சியில் போன காசோலையில் அவர் பெயர் இல்லை, பேர் போட்டுக்கொள்வது சரியல்ல என்று நினைத்தார்கள். பதவி முடியும் தறுவாயில், 2024 டிசம்பரில், பேர் போடாமல் விட்டது முட்டாள்தனம் என்று பைடனே மேடையில் சொன்னார். ஸ்டிக்கர் ஒட்டத் தெரியாத ஆளுங்கட்சி உலகத்தில் உண்டு என்று நம் ஆட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நவம்பர் 14

"வாசலில் பேசி யார் மனமும் மாறாது, ஆய்வே இருக்கிறது" என்று வந்த பதிலுக்கு.

ஆய்வு இருப்பது உண்மை. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மேன் என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் 49 களப் பரிசோதனைகளைத் தொகுத்து 2018 இல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பொதுத் தேர்தல்களில் பிரச்சாரம் வேட்பாளர் தேர்வை மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்யம். விளம்பரம், துண்டறிக்கை, வாசல் தட்டுதல் எல்லாம் சேர்த்து. என் வார இறுதிகளுக்கு அறிவியல் கொடுத்த மதிப்பெண்.

ஆனால் அதே இருவர் 2016 இல் வேறொன்றும் வெளியிட்டார்கள். அதன் முன்கதை சுவாரசியமானது. ஓரினச் சேர்க்கையாளர் திருமணம் பற்றி இருபது நிமிடம் வாசலில் பேசினாலே வாக்காளர் மனம் நெடுநாளைக்கு மாறுகிறது என்று 2014 இல் ஒரு கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்து பரபரப்பானது. அதே முறையில் தாங்களும் ஆய்வு செய்யப் போன புரூக்மேனும் கல்லாவும் எண்கள் இடிக்கின்றன என்று கண்டார்கள். தரவு நம்பத்தக்கதல்ல என்று வெளிவந்து, 2015 இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். இவர்கள் மயாமியில் நிஜமாகவே செய்து பார்த்தார்கள், திருநர்கள் மீதான வெறுப்பு பற்றி. சுமார் பத்து நிமிட உரையாடல். குறைந்தது மூன்று மாதம் நீடிக்கும் மாற்றம். பொய்யைப் பிடித்தவர்களே உண்மையையும் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்தார்கள்? வாதாடவில்லை, புள்ளிவிவரம் சொல்லவில்லை. "உங்களை யாராவது வித்தியாசமானவர் என்று ஒதுக்கிய அனுபவம் உண்டா?" என்பது போலக் கேட்டார்கள். பதிலை இடைமறிக்காமல் கேட்டார்கள். பின்பு தம் கதையைச் சொன்னார்கள். லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியா 2008 இல் ஓரினத் திருமணத்துக்குத் தடை போட்ட தோல்விக்குப் பிறகு, தங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களின் வீட்டுக்கே போய் "ஏன் அப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்கத் தொடங்கிய தொண்டர்கள் வளர்த்தெடுத்த முறை இது. தோற்ற கையோடு தோற்கடித்தவர் வீட்டுக் கதவைத் தட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. தேர்தல் நெருங்கிய நேரத்தில் வேட்பாளர் பேரைச் சொல்லிக் கதவைத் தட்டினால் ஒன்றும் நகராது. நேரம் எடுத்துக் கேட்டால் ஒரு கருத்து நகரும், மெதுவாக.

நவம்பர் 16

"கேட்பது, உருகுவது எல்லாம் இருக்கட்டும். டென்மார்க் வழி எளிது. குடியேற்றத்தில் வலதுசாரிகளைப் போலவே கடுமை காட்டு, மீதியில் இடதாக இரு" என்கிறார் ஒரு நண்பர்.

டென்மார்க்கை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 2019 இல் மெட்டே ஃபிரெடெரிக்சன் தலைமையில் சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தது. கட்சியின் ஓட்டு 25.9 சதவீதம். 2015 இல் தோற்றபோது 26.3. அதாவது ஓட்டுக் குறைந்து ஆட்சி கிடைத்தது, கூட்டணிக் கட்சிகள் வளர்ந்ததால். தீவிர வலதுசாரி டேனிஷ் மக்கள் கட்சி அந்தத் தேர்தலில் சரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், அதில் இவர்களுடைய கடுமைக்குப் பங்கு இருக்கலாம். ஆக, எதிரியைச் சுருக்கும் மருந்தாக இருக்கலாம், நம்மை வளர்க்கும் மருந்தா என்பது சந்தேகம்.

ஆனாலும் முழுக்கத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. எல்லையில் ஒழுங்கு வேண்டும் என்று கேட்பவரை இனவெறியர் என்று முத்திரை குத்தியதால் லிபரல்கள் இழந்தது நிறைய. டெக்சாஸ் எல்லையோரம் ஸ்டார் கவுன்ட்டி, ஏறக்குறைய முழுக்கவும் லத்தீனோ மக்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கே போட்ட இடம், 2024 இல் டிரம்புக்குப் போனது. அவர்களையும் இனவெறியர் என்பதா?

நவம்பர் 20

டென்மார்க்கில் முந்தாநாள் உள்ளாட்சித் தேர்தல். கோபன்ஹேகனை சமூக ஜனநாயகக் கட்சி இழந்துவிட்டது, நூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகரைக் கையில் வைத்திருந்த கட்சி. மேயர் பதவி அதற்கும் இடதில் இருக்கும் கட்சிக்குப் போகிறது. 16ஆம் தேதிக் குறிப்பை மாற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தலைநகரில் வாடகையும் உண்டு, நீண்டகால ஆட்சியின் சலிப்பும் உண்டு, குடியேற்றம் ஒன்றையே காரணமாக்க முடியாது. ஆனால் "எளிது" என்ற சொல்லை மட்டும் நண்பர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

நவம்பர் 22

இது கொஞ்சம் நீளும்.

கேட்பது ஒரு பாதி. மற்றப் பாதி, சொன்னதைக் கண்ணுக்குத் தெரியும்படி, சீக்கிரம் செய்வது. இதைப் பற்றி லிபரல்கள் பேசுவது எனக்குப் போதவில்லை, ஏனென்றால் இங்கே குற்றவாளி எதிர்க்கட்சி மட்டும் இல்லை.

1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசூரிக்கே போய், முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் அட்டையை அவருக்கே கொடுத்தார். 1966 ஜூலை 1 அன்று திட்டம் ஓடத் தொடங்கிவிட்டது, சுமார் 1 கோடியே 90 லட்சம் முதியவர்களோடு. கம்ப்யூட்டர் பரவலாக இல்லாத காலம். பதினோரு மாதம்.

அதற்கும் முன்னால், 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம். 1935 இல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயத்துக்குத் தனி அமைப்பை ஏற்படுத்தி, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்தார். 1950களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல். இரவில் பல்பு எரிந்த வீட்டில் போய், இதைச் செய்தது யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது 2021, பைடன் ஆட்சி. கிராமங்களுக்கு அதிவேக இணையம் கொண்டுபோக 4,200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். நல்ல சட்டம், நல்ல நோக்கம். 2024 தேர்தல் வந்தபோது அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்கும் இணைப்பு போய்ச் சேரவில்லை. வரைபடம், மாநிலத் திட்டம், முதல் ஒப்புதல், இறுதி ஒப்புதல், ஆட்சேபம், மறுபடி வரைபடம். ஒவ்வொரு படியையும் யாரோ ஒரு நல்லவர் ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காகச் சேர்த்திருப்பார். எனக்கு அலுவலகத்தில் இதே மாதிரி படிவங்களோடு மல்லுக்கட்டிப் பழக்கம் உண்டு, அதனால் யார் மீதும் கோபம் வரவில்லை, களைப்புதான் வருகிறது.

கலிஃபோர்னியா இன்னொரு உதாரணம். அதிவேக ரயிலுக்கு 2008 இல் வாக்காளர்கள் பணம் ஒப்புதல் அளித்தார்கள். இன்றுவரை ஒரு பயணியும் ஏறவில்லை. வீட்டு விலை தாங்காமல் மக்கள் வெளியேறுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகு, மாநில வரலாற்றிலேயே முதன்முறையாக கலிஃபோர்னியா நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடத்தை இழந்தது. டெக்சாஸுக்கு இரண்டு கூடியது, ஃப்ளோரிடாவுக்கு ஒன்று. தாங்கள் முழுதாக ஆளும் மாநிலத்திலிருந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, "எங்களிடம் நாட்டைக் கொடுங்கள்" என்று எப்படிக் கேட்பது? ஊருக்கு உபதேசம் என்றுதானே மற்றவர் சொல்வார்.

நவம்பர் 23

"செய்தாலும் ஓட்டு வராதே, குழந்தைகளுக்கான பணம் என்ன ஆயிற்று?" நியாயமான அடி.

பைடன் ஆட்சியில், 2021 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, பிள்ளைகள் உள்ளவர்களுக்கான வரிச்சலுகையாக மாதாமாதம் குடும்பங்களின் வங்கிக் கணக்குக்குப் பணம் போனது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர் வரை என்ற கணக்கு. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவீட்டின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. நிறுத்திய மறு ஆண்டு 12.4க்கு ஏறியது. அரசியல் பலன் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் நினைப்பது: ஆறு மாதம் கொடுத்து நிறுத்தியதை மக்கள் திட்டமாகப் பார்க்கவில்லை, வந்துபோன ஒன்றாகப் பார்த்தார்கள். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 2010 இல் நிறைவேற்றினார்கள், அதே ஆண்டு கீழவையில் 63 இடங்களைப் பறிகொடுத்தார்கள். முக்கியப் பலன்கள் 2014 இல்தான் வந்தன. ஆனால் நிலைத்தது. 2017 இல் குடியரசுக் கட்சி பறிக்கப் பார்த்தபோது முடியவில்லை. ஐடஹோ, யூட்டா, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா மாதிரி சிவப்பு மாநிலங்களிலேயே, அதாவது குடியரசுக் கட்சிக் கோட்டைகளிலேயே, அதன் ஒரு பகுதியான மெடிக்கெய்டு (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கத்தை மக்கள் ஓட்டுப் போட்டுக் கேட்டு வாங்கினார்கள். நன்றி எட்டு, பத்து வருடம் தாமதமாக வந்தது, அதுவும் சட்டத்துக்கு வந்தது, கட்சிக்கு அல்ல. இந்தக் கடைசிப் பகுதிக்கு என்னிடம் பதில் இல்லை.

நவம்பர் 24

பிரிட்டனில் லிபரல் என்றே பேர் வைத்திருக்கும் கட்சியை யாரும் தொடவில்லையே! 2010 தேர்தலில் லிபரல் டெமாக்ரட்டுகள் 57 இடம் பிடித்தார்கள். கல்லூரிக் கட்டண உயர்வு எதுவானாலும் எதிர்த்து வாக்களிப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கூட்டணியில் சேர்ந்த அதே ஆண்டு டிசம்பரில் உச்சவரம்பு 9,000 பவுண்டாக, ஏறத்தாழ மூன்று மடங்காக, உயர்ந்தது. கட்சித் தலைவர் நிக் கிளெக் துணைப் பிரதமர், ஆதரித்து ஓட்டுப் போட்டார். 2015 இல் மிச்சம் 8 இடம்.

2024 இல் 72 இடம். அப்போது கட்சித் தலைவரான எட் டேவி படகுப் பலகையிலிருந்து ஏரியில் விழுந்தார், பஞ்சி ஜம்ப் குதித்தார், மக்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் இரண்டே விஷயம் பேசினார்: ஆறுகளில் கழிவுநீர் விடுவது, நோயாளிகளையும் முதியோரையும் வீட்டில் பார்த்துக்கொள்வோரின் பாடு. தானே மாற்றுத்திறனாளி மகனைப் பார்த்துக்கொள்ளும் தந்தை என்பதால் இரண்டாவது எடுபட்டது. ஆனால் மொத்த ஓட்டு 11.5 சதவீதத்திலிருந்து 12.2க்குத்தான் போனது. ஆதரவு விரிந்தது என்பதைவிட, ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் கவனமாக வேலை செய்தார்கள் என்பதே சரி. நான் முன்பு இதைப் பெரிய எழுச்சி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், எண்ணைப் பார்த்தபின் குரலைத் தணித்துக்கொண்டேன்.

நவம்பர் 29

அயர்லாந்தை ஒருவர் இழுத்திருக்கிறார், நல்லது. 2018 மே 25 அன்று கருக்கலைப்புத் தடையை நீக்க 66.4 சதவீதம் ஆதரவு, கத்தோலிக்கத்தில் ஊறிய நாட்டில். அதற்கு முன் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்த 99 சாதாரணக் குடிமக்கள் வார இறுதிகளில் கூடி, மருத்துவர்களையும் இரு தரப்பையும் கேட்டு, பரிந்துரை கொடுத்தார்கள். அரசியல்வாதிகளை விட அந்தக் குடிமக்கள் முன்னே போனார்கள்.

அதே நாட்டில் 2024 மார்ச்சில் குடும்பம், பராமரிப்பு பற்றி இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்கள். பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரித்தன. ஒன்றை 67 சதவீதத்துக்கு மேலும், இன்னொன்றை ஏறக்குறைய 74 சதவீதமும் நிராகரித்தார்கள். இதற்கும் குடிமக்கள் பேரவை கூடியதுதான், ஆனால் அது பரிந்துரைத்த வாசகத்தை அரசு நீர்த்துப்போகச் செய்து, அவசரமாக வாக்கெடுப்புக்கு விட்டது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், "இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஆமாம் போடு" என்றதே சிலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும்.

நவம்பர் 30

எல்லாவற்றிலும் உடன்பட்டால்தான் லிபரல் கூடாரத்துக்குள் இடம் என்ற நுழைவுக் கட்டணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த இழையே வீண்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம், மாமா முறை. தொழிற்சங்க ஆள், வாழ்நாள் முழுக்க ஜனநாயகக் கட்சிக்குப் போட்டவர். வீட்டு விருந்தில், பெண்கள் விளையாட்டுப் போட்டிகளில் திருநர் பெண்கள் பற்றி ஏதோ சந்தேகம் கேட்டார். கேட்ட விதம் அழகாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, "கேள்வி கேட்டதே தப்பா தம்பி?" என்றார். 2024 இல் அவர் ஓட்டுப் போடவே போகவில்லை. அந்த விருந்து ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊதியம், சங்கம், மெடிகேர் என்று பத்தில் எட்டு விஷயத்தில் உடன்படுகிற மனிதர், மீதி இரண்டுக்காக வெளியே நிற்கவைக்கப்பட்டதாக உணர்ந்தார்.

இதற்கு உடனே வரும் பதில் தெரியும்: "அப்படியானால் திருநர் உரிமையைக் கைவிடச் சொல்கிறாயா?" இல்லை. மயாமியில் பத்து நிமிடம் பேசியவர்கள் எதையும் கைவிடவில்லை. கொள்கையை விட்டுக்கொடுப்பது வேறு, உடன்படாதவரோடு ஒரே மேசையில் உட்காருவது வேறு. எழுந்து போன பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், அந்த மாமா கேள்வியையாவது கொஞ்சம் மரியாதையாகக் கேட்கப் பழகியிருப்பார்.

ஐயோவா மாநிலம் ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டது, டிரம்புக்கு மூன்று முறை. அங்கே இருப்பவர்கள் 2012க்கும் 2016க்கும் நடுவில் வேறு மனிதர்களாக மாறிவிடவில்லை. அவர்களைத் திரும்ப அழைக்காமல் ஓட்டை மட்டும் எதிர்பார்ப்பது, பத்திரிகை வைக்காமல் மொய் எதிர்பார்ப்பது மாதிரி.

டிசம்பர் 2

"நெதர்லாந்து தேர்தலைப் பார்த்தீர்களா?" பார்த்தேன். அக்டோபர் 29, டி66 என்ற லிபரல் கட்சி 9 இடத்திலிருந்து 26க்கு. தலைவர் ராப் யெட்டன் மேடைகளில் தேசியக் கொடியை வைத்துக்கொண்டார், "முடியும்" என்ற தொனியில் பேசினார், புதிய நகரங்களே கட்டுவோம் என்றார். கொடியை வலதுசாரிகளுக்குத் தாரைவார்க்க வேண்டியதில்லை என்பது நல்ல பாடம். ஆனால் பாதி வாக்காளர்கள் கட்சி தாவும் அந்த நாட்டில் இது எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கொண்டாடுவேன்.

டிசம்பர் 3

கடைசியாக வந்த கேள்வி: "பிரச்சாரப் பணம் முழுக்க உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?"

2024 இல் ஹாரிஸ் பிரச்சாரம் திரட்டியது 100 கோடி டாலருக்கு மேல். அதில் சிறு பங்கு கிடைத்தாலும் எனக்குப் போதும். கடைசி இரண்டு மாத டி.வி. விளம்பரத்தில் பாதியை வெட்டுவேன். அந்தப் பணத்தில் ஸ்டார் கவுன்ட்டி, பசாயிக், ஐயோவா மாதிரி இடங்களில், அந்தந்த ஊர் ஆட்களையே, தேர்தல் இல்லாத வருடத்திலும் முழுநேரச் சம்பளத்துக்கு வைப்பேன். வேலை என்ன? மின்கட்டணப் புகாருக்கு மனு எழுதிக் கொடுப்பது, காப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, சும்மா உட்கார்ந்து கேட்பது. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடும் தாள் கிடையாது. வேட்பாளரை அந்த ஊரே தேர்ந்தெடுக்கட்டும், துப்பாக்கி விஷயத்தில் தலைமையோடு ஒத்துப்போகாதவராக இருந்தாலும் சரி.

நன்கொடையாளர் ஒருவரிடம் ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நல்ல யோசனை என்றார். பிறகு, இதை முப்பது வினாடி வீடியோவாக எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்.